இருபது நாள் காயம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் இல்லை. அது பிறவிக் குணம் என்று என் மனைவி சொல்வாள். இல்லை, உத்தியோகம் கொடுத்த குணம். காரைக்கால் கோர்ட்டில் நான் துபாஷியாக இருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்; நீதிபதி பிரெஞ்சில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். காலை முழுக்க ஊரார் பொய்யையெல்லாம் என் வாயால் சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பிட வருகிறவனுக்கு, தட்டில் விழும் குழம்பின் மேலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஐம்பதுகளின் நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். கொடி மாறியது, தபால் தலை மாறியது. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும் சட்டப் புத்தகமும் மட்டும் மாறவில்லை. எல்லையில் இருக்கும் வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒருவன் தன் பங்காளியை அடித்தால் ஒரு சட்டம், நாலு அடி இந்தப் பக்கம் தள்ளி அடித்தால் பிரெஞ்சுச் சட்டம். இது பல வருடம் அப்படியே ஓடியது.

எங்கள் நீதிபதி தமிழர்தான். புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் படித்து வந்தவர். சாட்சி சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரியும். ஆனாலும் கோர்ட்டு பாஷை பிரெஞ்சு என்பதால், நான் சொல்லி முடிக்கும் வரை புரியாதவர் போலவே உட்கார்ந்திருப்பார். வேடிக்கையாக ஏதாவது சாட்சி சொல்லிவிட்டால் அவர் உதடு முதலில் துடிக்கும். நான் பிரெஞ்சில் சொன்ன பிறகுதான் சிரிப்பார். ஒழுங்கான மனிதர். அதனாலேயே அவர் மேலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அடிதடி வழக்கில் பிரெஞ்சுச் சட்டம் முக்கியமாக ஒன்றைப் பார்க்கும். அடிபட்டவன் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தான் என்பதுதான் அது. இருபது நாளுக்கு உள்ளே என்றால் சின்ன வழக்கு; சில நாள் சிறை, சில சமயம் வெறும் அபராதம். இருபதைத் தாண்டினால் பெரிய வழக்கு. அடித்தவன் வருடக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் இந்த இருபது நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால் காயங்கள் பருவத்துக்கு ஏற்றபடி ஆறின. குரும்பகரம் பக்கத்து விவசாயிகள் வரப்புச் சண்டையில் மண்டை உடைந்து வருவார்கள். நடவு நேரத்தில் உடைந்த மண்டை நாலே நாளில் கட்டை அவிழ்த்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிடும். அறுவடை முடிந்து சும்மா இருக்கும் மாதத்தில் உடைந்தது என்றால் அதே காயம் ஒரு மாதமானாலும் ஆறாது. ஆள் பாயில் படுத்தபடி நாள் எண்ணிக்கொண்டிருப்பான். பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயர் மட்டும் மூக்கு வீங்கிய மூன்றாம் நாளே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். "இருவது நாளு கடையச் சாத்திட்டுப் படுக்க எனக்கென்ன பைத்தியமா தம்பி? யாவாரம் என்னாவுறது? அவனுக்கு அவராதம் போட்டு வுட்டுருங்க, மிச்சத்த அல்லா பாத்துக்குவான்" என்றார். பதினைந்து வருட உத்தியோகத்தில் நான் முழுசாக நம்பிய சாட்சி அவர் ஒருவர்தான்.

இப்போது சொல்ல வந்தது ஒரு மீனவன் வழக்கு. ஊர் மண்டபத்தூருக்கும் திருவேட்டக்குடிக்கும் இடையில் கடலோரமாக இருந்த ஒரு குப்பம். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்து மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். மாசிக் கடைசியில், கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு விடியற்காலையில் ஓர் இளைஞன் பாதியில் கட்டுமரத்தைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டான். அவன் மனைவியின் அண்ணன் கரையில் நின்று நாலு பேர் முன்னால் அவனைக் கேலி செய்தான். "பொண்டாட்டி சேலையக் கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல" என்று சொன்னதாகச் சாட்சியம். இளைஞன் கையில் துடுப்பு இருந்தது. ஒரே அடி, மைத்துனனின் வலது தோளில். தோல் கிழிந்து, தோள் வீங்கி, கை தூக்க முடியாமல் போயிற்று. ஊர்க்காரர்கள் அவனை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் தவறு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வழக்கம்போலப் போலீசுக்குச் சொல்லிவிட, குப்பத்துச் சண்டை கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

வழக்கு விசாரணைக்கு வரவே நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் மச்சானும் மைத்துனனும் ராசியாகிவிட்டார்கள். இருவரும் ஒரே மாட்டு வண்டியில் கோர்ட்டுக்கு வந்து இறங்கினார்கள். அடிபட்டவன் வெற்றிலை மடித்துக் கொடுக்க, அடித்தவன் வாங்கிப் போட்டுக்கொண்டதைப் படிக்கட்டில் நின்று நானே பார்த்தேன். சரி, இது அபராதத்தோடு போய்விடும் என்று நினைத்தேன். டாக்டரும் அடிபட்ட மறுநாள், பதினைந்து நாள் ஓய்வு போதும் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவள்தான் அந்த இளைஞனின் மனைவி, அடிபட்டவனின் தங்கை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வருடக்கணக்காக எங்கள் வாசலில் கூடையை இறக்கியவள். நான் அவளை எடை விஷயத்தில் சந்தேகப்பட்டிருக்கிறேனே தவிர, யார் வீட்டுப் பெண் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சாட்சிகள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். உண்மையைச் சொல்வேன், உண்மை முழுவதையும் சொல்வேன், உண்மையைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். இதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது என் வேலை. முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் எல்லாரும் உரக்கச் சொல்வார்கள்; நடுப் பகுதியில் எச்சில் விழுங்குவார்கள்.

நீதிபதி அடிபட்டவனிடம், அடி வாங்கிய பிறகு மறுபடி எப்போது கடலுக்குப் போனாய் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க."

"ஒரு மாசமா கடலுக்கே போவலயா?"

"போவலீங்க."

எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கின் பேனா நின்றது. டாக்டர் சொன்ன பதினைந்து எங்கே, ஒரு மாதம் எங்கே. அரசாங்க வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது குப்பத்துப் பஞ்சாயத்தார் மூன்று பேர். மூன்று பேரும் அதையே சொன்னார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அவன் கட்டுமரத்தில் கால் வைக்கவில்லை. ஒரே சொல், ஒரே மூச்சு. ஒரு குடும்பத்துச் சாட்சிகளே ஆளுக்கொரு நாள் சொல்லும் கோர்ட்டு அது. இத்தனை ஒற்றுமையைக் கேட்டதும் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

ஆனால் என்னை உலுக்கியது குற்றவாளிதான். நீதிபதி அவனிடம், இவர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டார். உனக்கு இதனால் என்ன ஆகும் தெரியுமா என்றும் கேட்டார். நான் இரண்டையும் தமிழில் சொன்னேன்.

"தெரியுங்க. அவங்க சொல்றது நெசந்தாங்க" என்றான்.

பொய் சொல்லும் குற்றவாளியை எனக்குத் தெரியும். அழுகிறவனைத் தெரியும், மயங்கி விழுகிறவனைத் தெரியும். தன்னை வருடக்கணக்கில் உள்ளே தள்ளப்போகும் ஒரு வார்த்தையை இப்படித் தலையாட்டி ஒப்புக்கொள்கிறவனை நான் பார்த்ததில்லை. அவன் வக்கீல் கறுப்பு அங்கியின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நீதிபதி ஏதோ உறுத்தியவர் போல, தீர்ப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். வெளியே வரும்போது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே பஞ்சாயத்தாரை முறைத்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் பக்கம்கூடத் திரும்பவில்லை.

மைத்துனன் உள்ளுக்குள் வஞ்சம் வைத்துப் பழி வாங்குகிறான் என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் வெற்றிலை எதற்கு? பஞ்சாயத்தாரை யாராவது வளைத்துவிட்டார்களா என்று நினைத்தேன். அப்படியானால் குற்றவாளி ஏன் தலையாட்ட வேண்டும்? சாப்பாட்டில் மனசு போகவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். கோர்ட்டு விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்றேன். "பேசாத வரைக்கும் நிம்மதி" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை மீன்காரி வந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கூடையை இறக்கினாள். மேலே நல்ல சங்கரா மீன். எனக்குச் சுருக்கென்றது.

"கேஸு நடக்குறப்ப ஒன்கிட்ட நான் மீன் வாங்கப்படாது. எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"காசுக்குத்தாங்க கொடுக்குறேன், சும்மாவா கொடுக்குறேன்? அம்மா வாங்கட்டும், நீங்க வாங்க வேணாம்." முகத்தில் சிரிப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி சட்டியோடு வந்து உட்கார்ந்ததும், மீனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே மீன்காரி சொன்னாள்: "பங்குனி மாசம் ஒங்க வூட்டுல வெறும் கருவாடுதாங்களே ஐயா? நா வரலன்னு கோச்சிக்கிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

அது பழைய கதை. ஒரு மாதத்துக்கு மேல் அவள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. வேறு தெருவில் வசதியான வீடு பிடித்துக்கொண்டாள் என்று நான் கத்தினேன். மனைவி திருவேட்டக்குடிக்காரி ஒருத்தியிடம் வாங்கிப் பார்த்து, மீன் பிடிக்காமல், கருவாட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் சரி. நாலு மாதம் கழித்து, புருஷன் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது, இவள் ஏன் அதைக் கிளறுகிறாள்?

"எந்தத் தெருவுக்குப் போன அப்ப?" என்று கேட்டேன். என்னை அறியாமல் கோர்ட்டுக் குரல் வந்துவிட்டது.

"எந்தத் தெருவுக்கும் போவலீங்க. மீன் இருந்தாத்தானே போறதுக்கு."

"திருவேட்டக்குடிக்காரிக்கு மட்டும் இருந்திச்சே?"

"அது அவங்க ஊருங்க. நாங்க எங்க ஊரு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். செதிலைச் சீவி, துண்டு போட்டு, காசை முடிந்துகொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் எனக்குப் பொறி தட்டியது.

ஊர்க்கட்டு. காரைக்காலில் வளர்ந்த எவனுக்கும் தெரிந்த விஷயம், எனக்கு எப்படி மறந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. மீனவக் குப்பத்தில் பெரிய சண்டை வந்தால் பஞ்சாயத்தார் முதலில் செய்வது, ஊரையே கடலுக்குப் போக விடாமல் நிறுத்துவது. இரண்டு பக்கத்தாரும் பகையோடு கடலுக்குப் போனால், கரைக்குத் தெரியாத தூரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். போனவன் திரும்பாவிட்டால் கேட்கச் சாட்சி கிடையாது. அதனால் சண்டை தீர்ந்து, கோயில் முன்னால் இருவரும் கை கொடுக்கும் வரை ஒரு கட்டுமரமும் இறங்கக் கூடாது. ஊரே பட்டினி கிடந்தால் சண்டைக்காரர்கள் மேல் நாலு பக்கத்திலிருந்தும் நெருக்கல் வரும், ராசியாகித்தான் ஆக வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன். கோர்ட்டை விடச் சுருக்காக வேலை நடக்கும்.

ஆக, அந்த ஒரு மாதம் அடிபட்டவன் மட்டுமா கடலுக்குப் போகவில்லை? யாருமே போகவில்லை. தோள் ஆறிய பிறகும் ஊர்க்கட்டு இருந்தது. மூன்று பஞ்சாயத்தாரும் பொய் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சத்தியத்தின் நடுப் பகுதியை மட்டும் விழுங்கிவிட்டார்கள்.

ஏன் விழுங்கினார்கள் என்பதும் தெரிந்ததுதான். ஆட்சி மாறியதும் ஓர் அதிகாரி குப்பத்துப் பஞ்சாயத்தாரையெல்லாம் கூப்பிட்டு, இனி தீர்ப்புச் சொல்வது அரசாங்கத்தின் வேலை, ஊரைக் கட்டிப்போட்டீர்கள் என்று காதில் விழுந்தால் உங்களைத்தான் முதலில் உள்ளே போடுவேன் என்று எச்சரித்திருந்தார். ஊர்க்கட்டு இருந்தது என்று கோர்ட்டில் சொன்னால் மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். சீக்கிரமே கடலுக்குப் போனான் என்று பொய் சொல்லவும் முடியாது; அந்த மாதம் அங்கே ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை என்பது பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் தெரியும். சொல்லாவிட்டால் அந்த இளைஞன் வருடக்கணக்கில் உள்ளே போவான். ஊருக்காக ஒருத்தன் போகட்டும், அவன் வீட்டுக்கு நாங்கள் சோறு போடுகிறோம் என்று பேசி முடித்திருப்பார்கள். அவனும் சரி என்றிருக்கிறான். அடிபட்டவனும் வாயைப் பொத்திக்கொண்டான். ஒப்புக்கொள்ளாத ஆள் ஒருத்திதான். அவள் நேரே வக்கீலிடம் போனால் ஊரில் இருக்க முடியாது. அதனால் சங்கரா மீனோடு என் வாசலுக்கு வந்தாள்.

அப்படித்தானா? அல்லது மீன் விற்க வந்தவள் பழைய வாடிக்கைக்காரனைச் சமாதானப்படுத்தினாளா? முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கூண்டில் ஏறியிருந்தால் நல்ல சாட்சியாக இருந்திருப்பாள்.

துபாஷி வழக்கில் வாய் வைக்கக் கூடாது என்பது விதி. நான் அந்த விதியை அன்றைக்கு மீறினேன். சரியாகத்தான் செய்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த இளைஞனின் வக்கீலைக் கடைத்தெருவில் பிடித்து, அந்த மாதம் குப்பத்தில் வேறு யாராவது கடலுக்குப் போனார்களா என்று அடிபட்டவனிடம் கேளுங்கள் என்றேன். வக்கீலும் சந்தேகப் பிராணிதான்.

"யார் சொன்னாங்க ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எங்க வீட்டுக்கு மீன் வரல" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வக்கீல் எழுந்து, அடிபட்டவனை மறுபடி கூப்பிட அனுமதி கேட்டார். அவன் கூண்டில் ஏறினான். வக்கீல் பிரெஞ்சில் கேள்வியைக் கேட்டார். நீதிபதியின் புருவம் உடனே உயர்ந்தது. கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் தமிழில் கேட்டேன்.

"நீ கடலுக்குப் போவாத அந்த மாசம், ஊர்ல வேற யாரு யாரு போனாங்க?"

அவன் முதல் பெஞ்சில் இருந்த பஞ்சாயத்தாரைப் பார்த்தான். மூவரில் மூத்தவர் அசையவே இல்லை, கண்ணை மட்டும் இறுக்கிக்கொண்டார். அவன் பார்வை அவரைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அங்கே அவன் தங்கை பிள்ளையோடு நின்றாள். அவள் தலையும் ஆட்டவில்லை, கையும் காட்டவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கேள்வியை மறுபடி சொல்லலாமா என்று நீதிபதியைப் பார்த்தேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

"யாரும் போவலீங்க" என்றான்.

"ஏன்?"

"ஊர்க்கட்டுங்க."

இந்தச் சொல்லை நான் பிரெஞ்சில் சொல்வதற்குள் பஞ்சாயத்தார் மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கட்டு இல்லாவிட்டால் நீ எப்போது போயிருப்பாய் என்று வக்கீல் கேட்டார். "பத்து நாள்ல போயிருப்பேங்க. கை நல்லா ஆயிட்டு" என்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். சத்தியம் செய்யத் தூக்கிய அதே கை. அன்றைக்குத்தான் அவன் முழு உண்மையையும் சொன்னான்.

தீர்ப்பு லேசாக வந்தது. ஒரு மாதச் சிறை, அதுவும் நிறுத்தி வைத்த சிறை. 'சுர்சி' என்று எங்கள் கோர்ட்டில் சொல்வோம். மறுபடி வம்பு செய்யாத வரை உள்ளே போக வேண்டாம். நான் அதை விளக்கியபோது அந்த இளைஞன் நம்பாமல் மூன்று தடவை கேட்டான். "அப்ப நா வூட்டுக்குப் போவலாமாங்க?" போகலாம் என்றேன். போகலாம், போகலாம் என்று மூன்று தடவையும் சொன்னேன். சொல்ல எனக்கே சந்தோஷமாக இருந்தது. நீதிபதி பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டு எச்சரித்ததோடு விட்டுவிட்டார். அதிகாரிக்கு எழுதுவேன் என்று மிரட்டினாரே தவிர, எழுதவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அந்த மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. மூத்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"வக்கீலுக்கு இந்த வெவரம் யாரு சொன்னாங்கன்னு தெரியணுங்க ஐயா. எங்க ஊருப் புள்ள ஒண்ணு ஒங்க வூட்டுக்கு மீன் கொடுக்குதுங்களே."

பதினைந்து வருடமாகக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். முதல் தடவையாகக் கூண்டுக்குள் நின்றேன். நான் ஒரு வார்த்தை தவறினால் அவள் கூடை, பிள்ளை, புருஷன் எல்லாவற்றோடும் ஊரை விட்டு வெளியே நிற்பாள்.

"கொடுக்குது" என்றேன். "காசுக்குத்தான் கொடுக்குது. கேஸப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. வக்கீல்கிட்ட சொன்னது நான்தான். பங்குனியில எங்க வீட்டுக்கு மீன் வரல, அத வச்சு நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவர்கள் கோர்ட்டில் எப்படிச் சொன்னார்களோ, அதே மாதிரி. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "ஐயா சாட்சி நல்லா சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் நம்பினாரா, நம்பாமல் விட்டுக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் மீன் வரவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் காலை மீன்காரி வந்தாள். எல்லாம் முன்பு போலத்தான், கூடை, சும்மாடு, அரிவாள்மணை. கண் மட்டும் வீங்கியிருந்தது. ஒன்கிட்ட யாரும் ஏதும் கேட்டாங்களா என்று நான்தான் முதலில் பேச்சைத் தொடங்கினேன்.

"கேட்டாங்க. ஐயா சொன்னதச் சொல்லி வுட்டுட்டாங்க." மீனை எடுத்துச் செதில் சீவத் தொடங்கினாள். "எங்கண்ணனத் தள்ளி வச்சிட்டாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அடி வாங்கியவன் அவன் அல்லவா என்று கேட்டேன்.

"கோர்ட்டுல ஊரக் காட்டிக் கொடுத்தது அவருதானேங்க. யாரும் பேசப்படாது, நெருப்பு தண்ணி கொடுக்கப்படாது, கட்டுமரத்துல ஏத்தப்படாது. நானும் பேசப்படாது. நாகப்பட்டினத்துல மூட்டை தூக்கப் போயிட்டாருன்னாங்க. போவயில வாசல்ல வந்து நின்னாரு. நா கதவத் தொறக்கல. எங்க வூட்டுக்காரரு உள்ள இருந்தாரு, பக்கத்து வூட்டுல பாத்துக்கிட்டு இருந்தாங்க."

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். கோர்ட்டு ஆளின் கேள்வி. எந்தத் தண்டனைக்கும் ஒரு கணக்கு இருக்கும் என்று பழகியவன் வேறு எதைக் கேட்பான்.

அவள் கை நின்றது. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு செயிலுக்குப் போயிருந்தா என்னைக்கு வருவாருன்னு ஒரு நாளு இருந்திருக்கும்லங்க" என்றாள். "எங்கண்ணனுக்கு அது இல்லீங்க."

பிறகு மீனைத் துண்டு போட்டு, சட்டியில் கழுவி வைத்தாள். தலையைத் தனியாகப் போடவா என்று என் மனைவியிடம் கேட்டாள். மனைவி போடச் சொன்னாள். அவள் கூடையைத் தூக்க நான் கை கொடுத்தேன், அதுவரை கொடுத்ததில்லை. அவள் திட்டம் போட்டுத்தான் அன்றைக்குச் சங்கரா மீனோடு வந்தாளா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, யார் மேல் சந்தேகப்படுவது என்று தேடிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை.